எண்பத்தெட்டின் தகப்பன்

முட்டை வைக்கும் அட்டைப்பெட்டியில் ஒரே ஒரு பூவை வைத்து, அதை மடியில் ஏந்திக்கொண்டு ஹயலியாவிலுள்ள வீட்டிலிருந்து தாவரவியல் தோட்டம் வரைக்கும் வந்தாள் சொராய்தா. வழியில் எத்தனை சிக்னல், எத்தனை பள்ளம் உண்டோ அத்தனைக்கும் வேன் ஓட்டிய புருஷனுக்கு ஒரு திட்டு விழுந்தது.

"மெதுவாப் போ, கிழவா! என் மடியில என்ன இருக்குன்னு தெரியுமில்ல?"

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன்டி நான். தினம் அறுபது பேர ஏத்திக்கிட்டுப் போனேன், ஒருத்தன்கூடக் கசங்கல" என்றான் ஒனேலியோ.

"அந்த அறுபது பேரும் சேந்தாலும் இந்த ஒரு பூவுக்கு ஈடாகாது. ரோட்டப் பாரு."

அவள் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சோறும் கறுப்பு பீன்ஸும் ஆக்கிப் போட்டுவிட்டு வந்து, மிச்சப் பொழுதையெல்லாம் பத்து வருடமாகக் கொல்லையில் செம்பருத்திகளோடு கழித்தவள் அவள். ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவி, விதை பிடித்து, முளைக்கப் போட்டு, அது பூக்கிறவரை ஒன்றரை வருடம் காத்துக் கிடந்தால், பத்துக்கு ஒன்பது தெருவோர வேலியில் பூக்கிற அதே சிவப்பைப் பூத்துவிட்டுப் பல்லைக் காட்டும். இருநூற்றுச் சொச்சம் கன்றுகளில் எண்பத்தெட்டாம் எண் கன்று மட்டும் அப்படிச் செய்யவில்லை. ஒன்பது நாளைக்கு முன்னால் அது முதல் பூவை விரித்தபோது சொராய்தா கையிலிருந்த குழாயைக் கீழே போட்டுவிட்டாள். பால் விட்ட காபி நிறம். ஓரமெல்லாம் தங்க மஞ்சளில் சுருக்கம். நடுவில் நாவல்பழச் சாறு சிந்தினதுபோல ஒரு வட்டம். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று உள்ளே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு வருவதற்குள், வேலியிலிருந்து இறங்கிய முழ நீள ஓணான் ஒன்று பூவை மென்று விழுங்கிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன ஜென்மம்!

அதனால்தான் இரண்டாவது மொட்டை அவள் செடியில் விட்டுவைக்கவில்லை. நேற்று சாயங்காலமே நகக் கத்தரியால் சாய்வாக வெட்டி, முட்டைப் பெட்டியில் வைத்து ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டாள். செம்பருத்தி வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. வெட்டின மொட்டு காலையில் வெளியே எடுத்து வைத்தால் தானாக விரியும். தண்ணீர்கூட வேண்டாம். பொழுது சாய்கிறவரை அப்படியே நிற்கும், அப்புறம் சுருண்டுவிடும்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை அந்தத் தோட்டத்தில் செம்பருத்தி நாள். வருடத்துக்கு ஒருமுறை வருகிற விற்பனை. பனைமரச் சாலையின் இரு பக்கமும் நாற்பது ஐம்பது கடைகள் போடுவார்கள். சனங்கள் வீட்டிலிருந்தே இழுவண்டி கொண்டு வந்து செடியாக அடுக்கி இழுத்துக்கொண்டு திரிவார்கள். சொராய்தாவுக்குக் கடைகள் முக்கியமில்லை. குளத்தங்கரைக் கூடத்தில் போட்டிருக்கும் நீள மேசைதான் முக்கியம். புதுக் கன்றுகளின் பூக்கள் அங்கேதான் போட்டிக்கு நிற்கும். ஜெயித்த பூவுக்கு அதை வளர்த்தவரே ஒரு பெயர் வைக்கலாம். சங்கத்தின் பெரிய பதிவேட்டில் அது ஏறும். தோட்டத்து நாற்றங்காலில் அதன் கிளையை ஒட்டுக்கட்டி ஊரெல்லாம் பரப்புவார்கள். பத்து வருடமாக அவள் ஏங்கியது அந்த ஒரு வரிக்குத்தான்.

கூடத்து வாசலில் சங்கத்தின் செயலாளர் மிஸ்டர் கத்பர்ட் உட்கார்ந்திருந்தார். பஹாமாஸ்காரர், எழுபத்தைந்து வயது, அந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் டை. அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"மிஸ் சொராய்தா," என்றார், "நான் நடுவர் இல்ல. அதனால ஒண்ணும் சொல்லக்கூடாது. படிவத்த நிரப்புங்க."

பூவின் எண்: 88. தாய்ச் செடி: தன் கொல்லையில் நிற்கிற பழைய ஆரஞ்சுச் செடியின் பெயரை எழுதினாள். அடுத்தது, தகப்பன் செடி. அங்கே பேனா கொஞ்சம் நின்றது. பிறகு விறுவிறுவென்று 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தெரியாமல் என்ன? நன்றாகவே தெரியும். எண்பத்தெட்டின் தகப்பன் 'இல்தாவின் ஞாயிறு' என்கிற மஞ்சள் செம்பருத்தி. இல்தா சொராய்தாவின் மகளுக்கு ஞானத்தாய். இருபத்தாறு வருடமாக ஒருத்தியை ஒருத்தி 'கொமாத்ரே' என்றுதான் அழைப்பார்கள். பிள்ளையைப் பெற்றவளும் ஞானத்தாயும் அப்படித்தான் அழைத்துக்கொள்வது வழக்கம், அது கூடப்பிறந்த உறவுக்கும் ஒரு படி மேல். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மேசையில் இல்தாவின் மஞ்சள் பூ ஜெயித்தது. அதன் தாய்ச் செடி சொராய்தா கொடுத்தது, ஊருக்கே தெரியும். ஆனால் பூவுக்குப் பக்கத்தில் குத்தியிருந்த படிவத்தில் 'தாய்: தெரியாது' என்றிருந்தது. சொராய்தா அதைப் படித்தாள். அன்றைக்கு விட்டதுதான் பேச்சு. அன்றைக்கே, எல்லோரும் கரும்புச்சாறு குடிக்கப் போன நேரம் பார்த்து, கைப்பையிலிருந்த புருவத் தூரிகையால் அந்த மஞ்சள் பூவின் மகரந்தத்தை வழித்துத் தாளில் மடித்துக்கொண்டு வீட்டுக்கும் போனாள். ஆத்திரத்தில் செய்தது. அந்த ஆத்திரம்தான் எண்பத்தெட்டாக முளைத்தது.

இதற்கிடையில் ஒனேலியோ வேனின் பின்பக்கத்தைத் திறந்து, பூக்காத கன்றுகளைச் சங்கத்தின் மேசையில் இறக்கிக்கொண்டிருந்தான். உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். என்ன நிறம் பூக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்று பத்து டாலர், வாங்குகிறவர் அதிர்ஷ்டம். அதுதான் முதலில் காலியாகும் மேசை.

மணி இரண்டுக்கு நடுவர்கள் வந்து எண்பத்தெட்டுக்கு முன்னால் நீல ரிப்பனை வைத்தார்கள்.

சொராய்தா கத்தவில்லை. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். மிஸ்டர் கத்பர்ட் பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டு, வழக்கமான விதியை வழக்கமான குரலில் சொன்னார்: "நாலு மணிக்குள்ள செடி இங்க வரணும். கிளைய நான் என் கையால வெட்டணும். கடையில பூ வாங்கிட்டு வந்து வைக்கிறவங்களும் இருந்தாங்க, மிஸ் சொராய்தா. அதனாலதான் இந்த விதி. செடி வரலேன்னா ரிப்பன் ரெண்டாவது ஆளுக்கு."

"வந்துடும், வந்துடும். என் புருஷன் போய்ட்டு வந்துடுவான்."

ஒனேலியோ வெளியே மாமரத்தடியில் நின்று எண்ணெயில் பொரித்த கோழிக் குரோக்கெட் தின்றுகொண்டிருந்தான். அவள் ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சுட்டோம்டா கிழவா! ஓடு, வீட்டுக்குப் போய் எண்பத்தெட்டத் தூக்கிட்டு வா!"

"எண்பத்தெட்டா?" அவன் சட்டைப் பையைத் தட்டி, ரப்பர் பேண்ட் போட்ட, எண் எழுதிய பிளாஸ்டிக் குச்சிக் கட்டு ஒன்றை எடுத்தான். "இரு, பாப்போம். அறுபத்தொண்ணு... எழுபது... எழுபத்தேழு... இதோ. சிவப்பு நூல் கட்டினது. பத்திரமா வச்சிருக்கேன்."

சொராய்தா அந்தக் குச்சியைப் பார்த்தாள். தன் கையால் எழுதிய எண். தன் கையால் கட்டிய நூல்.

"இது தொட்டியில இல்ல இருக்கணும்? உன் பையில எதுக்கு இருக்கு?"

"அந்த மேசைக்குக் குச்சியோட குடுக்கக்கூடாதுன்னு மிஸ்டர் கத்பர்ட் சொன்னாரே. ஒண்ணொண்ணாப் பிடுங்கினேன். நீ இருபத்துநாலுன்னு சொன்ன, எண்ணினா இருபத்தஞ்சு இருந்துச்சு. சரி, சங்கத்துக்கு ஒண்ணு கூடப் போகட்டும்னு..."

"ஒனேலியோ! அது பூத்த செடி!"

"பூவே இல்லையே அதுல! மொட்டுகூட இல்ல. மத்ததுங்க மாதிரிதான் மொட்டையா நின்னுச்சு. துவைக்கிற தொட்டிக்கு இடது பக்கம் இருக்கறதெல்லாம் விக்கறதுக்கு, வலது பக்கம் இருக்கறதத் தொடாதேன்னு நீதானடி சொன்ன? இது இடது பக்கம் இருந்துச்சு."

சொராய்தாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நேற்று சாயங்காலம் துணி துவைக்கிற தொட்டிக்கு இடது பக்கம்தான் சமையலறை விளக்கின் வெளிச்சம் விழுந்தது. அங்கே கொண்டுபோய் வைத்துத்தான் மொட்டை வெட்டினாள். வெட்டின கையோடு ஃபிரிட்ஜுக்கு ஓடினவள் செடியைத் திருப்பி வைக்கவேயில்லை. திட்டுவதற்குக்கூட வழியில்லாமல் போனது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இருவரும் ஓடினார்கள். மேசையில் மண்ணும் இரண்டு காய்ந்த இலையும்தான் கிடந்தன. எல்லாம் பதினோரு மணிக்கே விற்றுத் தீர்ந்துவிட்டதாம். யாருக்கு? பத்து டாலர் செடிக்கு யார் பெயர் எழுதி வைப்பார்கள்?

"இனிமே கண்டுபிடிக்கறது எப்படி? எல்லாம் பச்சை இலை, எல்லாம் கறுப்புத் தொட்டி" என்றான் ஒனேலியோ. குற்ற உணர்ச்சியில் அவன் குரல் சிறுத்துப் போயிருந்தது.

"காம்பு" என்றாள் சொராய்தா. "வெட்டின காம்பு அதுல இருக்கும், உச்சிக் கிளையில, சாய்வா. நாளைக்கு உதுந்துடும், இன்னைக்கு இருக்கும். மத்த எதுலயும் இருக்காது. நீ குளத்துப் பக்கம் போ, நான் கடைப் பக்கம் போறேன். ஒரு வண்டி விடாதே."

அடுத்தவர் இழுவண்டிக்குள் எட்டிப் பார்ப்பது அங்கே குற்றமில்லை. யார் என்ன வாங்கினார்கள், எந்தக் கடையில், எவ்வளவுக்கு என்று கேட்டு வயிறெரிவதற்குத்தானே பாதிப்பேர் வருகிறார்கள். ஆனால் சொராய்தா எட்டிப் பார்ப்பதோடு நிற்கவில்லை. குனிந்து, கிளையைத் தூக்கி, உச்சியைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு கிழவரின் வண்டியில் கைவிட்டபோது அவர் தொப்பியால் அவள் கையில் தட்டினார். இன்னொருத்தி, "பூச்சி கீச்சி இருக்கா என்ன?" என்று பயந்து கேட்டு, தன் மூன்று செடியையும் தானே கீழே இறக்கிக் காட்டினாள். எதிலும் வெட்டுக் காம்பு இல்லை. மணி மூன்று அடிக்கப் பத்து நிமிடம். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெயில் காலம் வந்துவிட்டால் மூன்றரை மணி மழை தவறாது.

கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் ஆறடி உயர ஹெய்ட்டிக்காரர் ஒருவர் ஐந்து கறுப்புத் தொட்டிகளோடு நின்றிருந்தார். சொராய்தா கேட்காமலே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா," என்றார் அவர், "கும்பிடறதுன்னா ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாங்க. என் செடி முன்னாடி எதுக்கு?"

"வெட்டின காம்பு தேடறேன், ஐயா. பத்து டாலர் மேசையில வாங்கினீங்களா?"

"அஞ்சும் அங்கதான். ஆறாவதும் ஒண்ணு வாசல்ல நிக்கும்போதே பாத்து வச்சிருந்தேன், நல்ல தாட்டியான செடி. இலை அப்படியே எண்ணெய் தேய்ச்சாப்பல மின்னிச்சு. ஆனா கேட்டு திறக்கறதுக்கு முன்னாடியே தொண்டர்ங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாமாமே. செடிக் காப்புக் கொட்டகையில ஒரு அம்மா இருக்காங்க பாருங்க, செம்புக் கலர் முடி. அவங்க எடுத்துக்கிட்டாங்க. நாற்காலிக்குப் பின்னாடி மழைக்கோட்டு போட்டு மூடி வச்சிருக்காங்க. இருபது டாலர் தரேன்னு கேட்டேன். கடிச்சுக் குதறிட்டாங்க."

செம்புக் கலர் முடி. அந்த முடிச் சாயம் வெஸ்ட்செஸ்டரில் சொந்த அழகு நிலையம் வைத்திருப்பவளுடையது. இல்தா.

வாங்கின செடிகளைச் சனங்கள் தூக்கிக்கொண்டு அலையாமல் விட்டுவைக்கிற இடம் அந்தக் கொட்டகை. பாதி டிக்கெட் தொட்டியில், பாதி டிக்கெட் கையில். நடுவில் ராணி மாதிரி இல்தா உட்கார்ந்திருப்பதைச் சொராய்தா மாமரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். இரண்டு வருடமாகப் பேசாதவளிடம் போய், அவளுடைய பூவிலிருந்து திருடினதன் பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது?

"நீ போ" என்றாள், குளத்துப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து சேர்ந்த ஒனேலியோவிடம். "நம்ம செடி அவகிட்ட இருக்கான்னு மட்டும் கேளு. வேற ஒண்ணும் பேசாதே."

அவன் போனான். ஐந்து நிமிடம் கழித்துக் கொய்யாப் பப்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

"என்ன சொன்னா?"

"சர்க்கரை எப்படி இருக்குன்னு கேட்டா. நல்லாருக்குன்னேன். இதக் குடுத்தா."

"செடி, ஒனேலியோ! செடி!"

"இருக்காம். காசு குடுத்து வாங்கினதாம். பேசணும்னா வளத்தவ வரட்டும், டிரைவர்கிட்ட எனக்குப் பேச்சில்லேன்னு சொல்லச் சொன்னா."

"திமிரப் பாரு! அதுக்குப் பதிலா என் கொல்லையில எந்தப் பத்துச் செடி வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லு."

மறுபடி போனான், மறுபடி வந்தான். "பத்துச் செடிய நீயே வச்சுக்கணுமாம். அவளுக்கு வேண்டியது ஒரு கேள்விக்குப் பதிலாம்."

"என்ன கேள்வியாம்?"

மூன்றாவது நடை. திரும்பி வரும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. "அது உனக்கே தெரியுமாம். இதோட சரி. பஸ் டெப்போவுக்குப் போயாச்சு. இனிமே நீ நடந்து போ, கிழவி."

முதல் இடி இடித்தது. மணி மூன்று இருபத்தைந்து. சொராய்தா பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தாள்.

இல்தா எழுந்திருக்கவில்லை. மழைக்கோட்டை மட்டும் விலக்கினாள். எண்பத்தெட்டு நின்றது, உச்சிக் கிளையில் சாய்வாக வெட்டின காம்போடு.

"உன் புருஷன் காலைல ஏழு மணிக்கு இத இறக்கினான்" என்றாள் இல்தா. "இலையப் பாத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. என் ஞாயிறோட இலை. அதே மினுமினுப்பு, அதே ஓரச் சுருக்கு. உன் வீட்டுத் தொட்டியில என் வீட்டு ஜாடை எப்படி வந்துச்சு? அப்புறம் காம்பப் பாத்தேன். பூத்த செடிய யாராவது இந்த மேசையில வைப்பாங்களா? என்னமோ தப்பு நடந்திருக்குன்னு எடுத்து வச்சேன். வேற யார் கைக்காவது போயிருந்தா இந்நேரம் கீ வெஸ்ட் தீவுக்கே போயிருக்கும்."

"அப்பவே என்னக் கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிடத்தான் வந்தேன். ஒம்போது மணிக்குக் கூடத்துக்கு வந்தேன். பூவப் பாத்தேன். சத்தியமாச் சொல்றேன், அழுதுட்டேன். அவ்வளவு அழகு. அப்புறம் பக்கத்துல குத்தியிருந்த தாளப் படிச்சேன். தகப்பன்: தெரியாது." இல்தா அந்த வார்த்தையை மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு வருஷமா அந்த வார்த்தைக்காக என் மூஞ்சியில முழிக்காதவ கையெழுத்துல. இப்ப சொல்லு. தகப்பன் யாரு?"

சொராய்தா இத்தனை நாள் தன் பக்கமே நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில், படுக்கையில், பூவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது என்று இந்த வழக்கை ஆயிரம் தடவை வாதாடி ஆயிரம் தடவையும் ஜெயித்திருந்தாள். ஒரே கேள்வியில் அத்தனையும் பொத்தென்று விழுந்தது. வெட்கமாக இருந்தது. அதோடு, இவளிடம் பேச முடியாமல் போன இரண்டு வருடத்தை நினைத்து அழுகையும் வந்தது.

"உன் ஞாயிறுதான்" என்றாள். "நீ ஜெயிச்ச அன்னைக்கே. எல்லாரும் கரும்புச்சாறுக்குப் போனப்ப எடுத்தேன். திருடினேன்னே வச்சுக்க."

"எதால எடுத்த? விரலாலயா?"

"புருவத் தூரிகையால."

"எந்தத் தூரிகை?"

"நீ என் பொறந்த நாளைக்கு உன் கடையிலேருந்து குடுத்தியே. அதால."

இல்தா சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலி ஆட, செம்பு முடி ஆட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "என் பூவ, என் தூரிகையால! காம்ப வெட்டினதும் நான் குடுத்த நகக் கத்தரிதான? உன்கிட்ட சொந்தமா ஒரு சாமான்கூட இல்லையாடி?"

அப்போது மழை இறங்கியது. கொட்டகையின் துணிக் கூரையில் அது போட்ட சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை.

"செடியத் தா, கொமாத்ரே!" என்று சொராய்தா கத்தினாள்.

இரண்டு வருடம் கழித்து அந்த வார்த்தையைக் கேட்ட இல்தாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனால் பிடியை விடுகிற ஆளில்லை அவள். "தர மாட்டேன். நானே தூக்கிட்டு வரேன். மேசையில நீ எழுதறத என் கண்ணால பாக்கணும். ஓடு!"

இருவரும் ஒரே மழைக்கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நடுவில் தொட்டியை வைத்துக்கொண்டு ஓடினார்கள். ஒனேலியோ பின்னால் நனைந்துகொண்டே ஓடிவந்தான். மிஸ்டர் கத்பர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்திரண்டு. காம்பைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், தலையசைத்தார்.

"படிவத்துல ஒண்ணு திருத்தணும், மிஸ்டர் கத்பர்ட்" என்றாள் சொராய்தா. மழைக்கு ஒதுங்கி நின்ற முப்பது நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'தெரியாது' என்பதை அடித்துவிட்டு, மேலே பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இல்தாவின் ஞாயிறு'. ஈரக் கையால் எழுதியதில் மை கொஞ்சம் பரவியது. இல்தா தோளுக்கு மேலாக எட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"நல்லது" என்றார் மிஸ்டர் கத்பர்ட். "அப்படின்னா தகப்பனோட பதிவு எண்ணையும் எழுதணும்." பதிவேட்டைப் புரட்டி, இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தை எடுத்தார். விரலால் வரியைத் தேடினார். "இதோ. இல்தாவின் ஞாயிறு. எண் நானூத்திப் பன்னெண்டு."

சொராய்தா தலைகீழாகவே அந்த வரியைப் படித்துவிட்டாள். 'தாய்' என்ற கட்டத்தில் 'தெரியாது' என்றுதான் இருந்தது, ஆனால் அதன் மேல் கோடு அடித்திருந்தது. பக்கத்தில் இல்தாவின் சாய்ந்த கையெழுத்தில் புதிதாக எழுதியிருந்தது: 'சொராய்தா கொடுத்த செடி'. கீழே சின்னதாக ஒரு தேதி. போன வருடம் ஜூன் பதினாலு.

ஜூன் பதினைந்து தன் பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்த நாள். சொராய்தாவுக்கு நினைவிருந்தது. மண்டபத்தின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் இல்தா.

"அதுக்கு முந்தின நாளே வந்து திருத்தினாங்க" என்றார் மிஸ்டர் கத்பர்ட். "யாருக்கும் சொல்லாதீங்கன்னாங்க. நான் சொல்லல. புத்தகம் சொல்லிடுச்சு."

"ஏன்டி சொல்லல?" சொராய்தா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு வருஷம்! ஒரு வருஷம் சும்மா இருந்திருக்க!"

"சொல்லத்தான் அந்த விருந்துக்கு வந்தேன். கேக்குத் தட்டத் தூக்கிக்கிட்டு உன் மேசைக்கு நடந்து வந்தேன். நீ என்னப் பாத்துட்டு, வேணும்னே நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காந்துக்கிட்ட. போடின்னு திரும்பிட்டேன். அந்தக் கேக்கு நான் ராத்திரி முழுக்க உக்காந்து பண்ணினது."

"ரெண்டு துண்டு தின்னேன்" என்றாள் சொராய்தா, அழுதுகொண்டே. "நீ பண்ணினதுன்னு தெரியாது. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"தேங்காய் கொஞ்சம் அதிகம்" என்று ஒனேலியோ பின்னாலிருந்து சொன்னான். இரண்டு பேரும் திரும்பி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

மிஸ்டர் கத்பர்ட் மூன்று கிளையை வெட்டி ஈரத் தாளில் சுற்றினார். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, "பெயர்?" என்றார்.

பத்து வருடமாக அந்தப் பெயர் சொராய்தாவின் நாக்கு நுனியிலேயே இருந்தது. 'சொராய்தாவின் ராணி'. கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த பெயர். இப்போது வாயைத் திறந்தபோது அது வரவில்லை. மேசையில் விரிந்திருந்த பூவைப் பார்த்தாள், பக்கத்தில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு தொட்டியை இன்னும் விடாமல் கட்டிப் பிடித்திருந்தவளைப் பார்த்தாள்.

"கொமாத்ரேன்னு எழுதுங்க" என்றாள்.

இல்தா தொட்டியை அவள் கையில் வைத்தாள்.

மழை விட்டதும் வேன் கிளம்பியது. சொராய்தா முன் சீட்டில் ஏறவில்லை. பின் சீட்டில் இரண்டு பேரும், நடுவில் எண்பத்தெட்டு. இரண்டு வருடப் பாக்கிப் பேச்சு அணை திறந்த மாதிரி கொட்டியது: மகளின் மாமியார், கடையில் வேலையை விட்டுப் போனவள், முட்டி வலி, பேரனின் பல், பூவைத் தின்ற ஓணான், தொட்டிக்கு இடது பக்கம் வைத்த செடி. சாலையை யாரும் பார்க்கவில்லை. சிக்னலில் ஒனேலியோ சடக்கென்று நிறுத்தியபோதும் திட்டு விழவில்லை. அவனுக்கு என்னவோ போலிருந்தது.

வெஸ்ட்செஸ்டர் திருப்பம் வந்தது. "இல்தா, உங்க வீட்டுப் பக்கம் திருப்பட்டுமா?" என்று கேட்டான்.

"எதுக்கு? இந்தச் செடிய அந்த ஓணான்கிட்ட விட்டுட்டு நான் என் வீட்டுல போய்த் தூங்கவா? நேரா ஹயலியாவுக்கு விடுங்க. காப்பிய நான் போடறேன், இவ போட்டா தண்ணியா இருக்கும்."

"சரி" என்றான் ஒனேலியோ. கொஞ்ச தூரம் போய்விட்டு, கண்ணாடியில் பார்த்துப் பணிவாகக் கேட்டான்: "இப்பவே கேட்டு வச்சுக்கறேன். இதத் துவைக்கிற தொட்டிக்கு எந்தப் பக்கம் வைக்கணும்?"

"வலது பக்கம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.